காணாமல்போன 40 மில்லி ஆம்பியர் மணி: பேட்டரி மின்வாயை எக்ஸ்ரே நிறமாலையில் படிக்க ஒரு முழு வழிகாட்டி

புதிதாகச் செய்த காயின் செல் கிராமுக்கு 200 மில்லி ஆம்பியர் மணி கொடுத்தது. நூறு முறை ஏற்றி இறக்கிய பிறகு அதே செல் 160தான் கொடுக்கிறது. அந்த 40 எங்கே போனது?

பேட்டரி ஆய்வில் இருக்கிற எவருக்கும் இந்தக் கேள்வி வந்தே தீரும். எக்ஸ்ரே விளிம்பு விளைவை (டிஃப்ராக்‌ஷன்) வைத்துப் பார்த்தால், படிகக் கட்டமைப்பு பெரிதாக மாறவில்லை என்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் துகள்களில் விரிசல் தெரிகிறது. இரண்டும் பயனுள்ள தகவல்தான். ஆனால் எலக்ட்ரானைக் கொடுத்து வாங்க வேண்டிய நிக்கல் அணு தன் வேலையைச் செய்கிறதா என்பதை இரண்டுமே நேரடியாகச் சொல்வதில்லை. அதை நிக்கலிடமே கேட்கிற வழிதான் எக்ஸ்ரே உட்கவர் நிறமாலை.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன்: என்எம்சி 811. உலோகங்களில் நிக்கல் எட்டுப் பங்கு, மாங்கனீசு ஒரு பங்கு, கோபால்ட் ஒரு பங்கு கொண்ட அடுக்கு ஆக்சைடு. மின்சாரக் கார் பேட்டரிகளில் நிக்கல் மிகுந்த இந்த வகை நேர்மின்வாய்களுக்குப் பெரிய இடம் உண்டு. நீங்கள் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டிலோ சோடியம் பேட்டரியிலோ வேலை செய்தாலும் படிகள் இவையேதான். விளிம்பின் ஆற்றலும் எடைக் கணக்கும்தான் மாறும்.

முதலில் அடிப்படை

எக்ஸ்ரேயின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே, பொருள் எவ்வளவு கதிரை உட்கவர்கிறது என்று அளக்கிறோம். ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் நிக்கலின் மிக உள்கூட்டு எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு வெளியேறும். அந்த இடத்தில் உட்கவர்தல் செங்குத்தாக எழும்பும். அதுதான் கே விளிம்பு. நிக்கல் உலோகத்துக்கு அது 8333 எலக்ட்ரான் வோல்ட். கோபால்ட்டுக்கு 7709, மாங்கனீசுக்கு 6539. ஒன்றோடொன்று கலக்காத அளவுக்குத் தள்ளித் தள்ளி இருப்பதால், மூன்று உலோகங்களும் ஒரே துகளுக்குள் இருந்தாலும் ஒவ்வொன்றையும் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கலாம்.

விளிம்பை ஒட்டிய பகுதியை ஸேன்ஸ் (XANES) என்பார்கள். நிக்கல் எலக்ட்ரானை இழக்க இழக்க விளிம்பு மேல் ஆற்றலுக்கு நகரும். விளிம்பைத் தாண்டி சில நூறு எலக்ட்ரான் வோல்ட் வரை தெரியும் மெல்லிய அலைகள் எக்ஸாஃப்ஸ் (EXAFS). வெளியேறிய எலக்ட்ரான் அக்கம்பக்கத்து அணுக்களில் மோதித் திரும்புவதால் அவை உண்டாகின்றன. அவற்றிலிருந்து நிக்கலுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கணக்கிட முடியும். 1971இல் சேயர்ஸ், ஸ்டெர்ன், லைட்டில் மூவரும் அந்த அலைகளை ஃபூரியர் மாற்றம் என்ற கணித முறைக்கு உட்படுத்தினால் அணுக்களுக்கு இடையிலான தூரங்கள் முகடுகளாக வந்து நிற்கும் என்று காட்டினார்கள். அதுவரை விளங்காமல் கிடந்த நெளிவு அன்றிலிருந்து அளவுகோலாகிவிட்டது. இந்த முறைக்குப் பொருள் படிகமாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதுதான் பேட்டரிக்காரர்களுக்குப் பெரிய வரம். சுழற்சியில் சிதைந்து, ஒழுங்கு கெட்ட பகுதியும் இதில் தன் பங்குக்குப் பதில் சொல்லும்.

படி 1: கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

இந்த அளவீட்டுக்கு வேண்டிய செறிவான எக்ஸ்ரேயைத் தருவது, எலக்ட்ரான்களை வளையத்தில் சுழலவிடும் சிங்க்ரோட்ரான். அதில் நேரம் கிடைப்பது அரிது. அங்கே போய் நின்றுகொண்டு என்ன அளக்கலாம் என்று யோசித்தால் நேரம் கரைந்துவிடும். கிளம்புமுன் உங்கள் ஆய்வகத்திலேயே இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

ஒன்று, பழைய செல்லை மிக மெதுவாக, முழுச் சார்ஜுக்கு ஐம்பது மணி நேரம் ஆகிற வேகத்தில், ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். காணாமல்போன 40இல் பெரும்பகுதி திரும்பி வந்தால், அது மின்தடை கூடிய கதை. நிக்கல் செத்துப்போகவில்லை. இரண்டு, செல்லைப் பிரித்துப் பழைய நேர்மின்வாயைப் புது லித்தியத்துக்கும் புது மின்பகுளிக்கும் எதிரே வைத்துப் பாருங்கள். 200 திரும்பினால் குற்றம் எதிர்ப்பக்கத்தில்தான். நேர்மின்வாயைத் தூக்கிக்கொண்டு சிங்க்ரோட்ரானுக்குப் போக வேண்டியதே இல்லை.

இரண்டிலும் திரும்பவில்லையா? சரி, இப்போது உங்களிடம் உண்மையான கேள்வி இருக்கிறது. அதற்குக் குறைந்தது நான்கு மின்வாய்கள் வேண்டும்: புதியது சார்ஜ் ஏற்றியது, புதியது சார்ஜ் இறக்கியது, பழையது ஏற்றியது, பழையது இறக்கியது. பழையதை மட்டும் அளந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஒப்பிட எதுவுமில்லாமல் அந்தத் தரவு மேசையிலேயே கிடக்கும். நான்கில் எதை விட்டாலும் விடை அரைகுறைதான்.

என்ன எதிர்பார்க்க வேண்டும் என்பதையும் காகிதத்தில் போட்டுவிடுங்கள். என்எம்சி 811இன் ஒரு மோல் எடை சுமார் 97.3 கிராம். ஒரு லித்தியம் முழுதாக வெளியேறினால் கிராமுக்கு 275 மில்லி ஆம்பியர் மணி. 200 என்றால் 0.73 லித்தியம் வெளியே வந்திருக்கிறது. மாங்கனீசு நான்கு, கோபால்ட் மூன்று என்று வைத்துக்கொண்டால் புதிய பொடியில் நிக்கலின் சராசரி ஆக்சிஜனேற்ற நிலை 2.88. வெளியேறிய எலக்ட்ரான்கள் எல்லாம் நிக்கலிலிருந்தே வந்தவை என்றால் சார்ஜ் முடிவில் அது 3.78. முதல் சுழற்சியில் திரும்பாமல் போகும் லித்தியத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. உண்மையில் ஆக்சிஜனும் கோபால்ட்டும் கொஞ்சம் பங்கெடுக்கும். இருந்தாலும் இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால், வரப்போகும் நிறமாலை நம்பத் தகுந்ததா என்று அளக்கும்போதே தெரிந்துவிடும்.

படி 2: எங்கே அளப்பது

இந்தியாவில் இருப்பவர்களுக்கு முதல் முகவரி இந்தூர். ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தில் உள்ள இண்டஸ்-2, 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட் சேமிப்பு வளையம். சுற்றளவு 172.5 மீட்டர். வளையத்திலிருந்து எக்ஸ்ரேயை வெளியே கொண்டுவந்து அளக்கும் நிலையத்தைக் கற்றைத்தடம் என்பார்கள். அதில் 9ஆம் கற்றைத்தடம் 4 முதல் 25 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை ஸ்கேன் செய்யும். நமக்கு வேண்டிய மூன்று விளிம்புகளும் அதற்குள் வசதியாக அடங்கும். 8ஆம் கற்றைத்தடம் வேறு வகை. வளைந்த படிகத்தால் ஒரு முழு ஆற்றல் பட்டையையும் ஒரே நேரத்தில் உணரிமேல் விரிக்கும். வேகமாக மாறும் பொருளுக்கு அது ஏற்றது. ஆக்சிஜனைப் பார்க்க வேண்டுமானால் மென் எக்ஸ்ரே தரும் 1ஆம் கற்றைத்தடம் இருக்கிறது. இந்திய ஆய்வாளர்கள் ஜெர்மனியில் ஹாம்பர்கின் பெட்ரா-3 சிங்க்ரோட்ரானுக்கும் விண்ணப்பித்துப் போகிறார்கள்.

வளையமில்லாத ஆய்வக நிறமாலைமானிகளும் இப்போது வந்துவிட்டன. வளைந்த படிகத்தையும் சாதாரண எக்ஸ்ரே குழாயையும் வைத்து ஒரு மேசைமேலேயே நிக்கல் விளிம்பை அளக்கிறார்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் செறிவு அதிகமுள்ள மின்வாய்களுக்கு ஸேன்ஸ் நன்றாகவே வருகிறது. கல்லூரித் துறை ஒன்று எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

படி 3: மாதிரியைத் தயார் செய்தல்

நிறமாலை கெட்டுப்போனால் பத்தில் எட்டு முறை காரணம் இங்கேதான் இருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிக்கல் செறிவாக உள்ள பொருளுக்கு ஊடுருவு முறைதான் சரி. அதாவது கதிர் மாதிரிக்குள் புகுந்து மறுபக்கம் வர வேண்டும். அதற்கு விளிம்பில் எழும் படியின் உயரம் 1ஐ ஒட்டியும், மொத்த உட்கவர்தல் இரண்டரைக்குள்ளும் இருப்பது நல்லது. நிக்கல் விளிம்பில் என்எம்சி 811க்கு இந்தக் கணக்கைப் போட்டால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம் பொடி போதும். 13 மில்லிமீட்டர் வில்லை அழுத்துகிறீர்கள் என்றால் ஏறக்குறைய 10 மில்லிகிராம் பொடி. மிச்சத்துக்குப் போரான் நைட்ரைடோ செல்லுலோஸோ 100 மில்லிகிராம் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். நல்ல செய்தி என்னவென்றால், சாதாரணமாகப் பூசுகிற மின்வாயிலும் கிட்டத்தட்ட இவ்வளவுதான் பொடி இருக்கும். அலுமினியத் தாளோடு அப்படியே அளக்கலாம். 15 மைக்ரான் அலுமினியம் இந்த ஆற்றலில் பெரிதாக மறைக்காது.

அதே மின்வாயில் மாங்கனீசைப் பார்க்கப் போனால் படியின் உயரம் 0.15 அளவில்தான் இருக்கும். அதற்கு, மாதிரி திருப்பி உமிழும் எக்ஸ்ரேயை அளக்கும் ஒளிர்வு முறைக்கு மாறுங்கள். நிக்கலை மட்டும் ஒளிர்வில் அளக்காதீர்கள். மாதிரி தன் ஒளிர்வைத் தானே விழுங்கி, முகடுகளைத் தட்டையாக்கிவிடும்.

அப்புறம் சீரான தன்மை. துகள்கள் பெரிதாக இருந்தாலோ பூச்சில் ஊசித்துளை இருந்தாலோ, கதிரின் ஒரு பகுதி எதையும் தொடாமல் நேராக ஒழுகிவிடும். விளைவு, விளிம்புக்கு மேலே எழ வேண்டிய முகடு குறுகிப்போகும். உருவம் மாறியதை வேதியியல் மாற்றம் என்று நினைத்து ஏமாறுவீர்கள். பொடியை டேப்பில் தேய்த்து எடுத்தால், விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரிந்தால் இன்னொரு அடுக்கை மடித்து வையுங்கள். மின்வாய்த் தாளில் இது தெரியாது. அங்கே காயின் செல்லைப் பிரிக்கும்போது உதிர்ந்த ஓரங்களைத் தவிர்த்து, நடுப்பகுதியில் கற்றை விழும்படி வைக்க வேண்டும்.

சுழற்சி முடித்த மின்வாயை ஆர்கான் கையுறைப் பெட்டிக்குள்தான் பிரிக்க வேண்டும். டைமெத்தில் கார்பனேட்டில் இரண்டு முறை மெதுவாக அலசி, மின்பகுளி உப்பைப் போக்கிக் காயவிடுங்கள். சார்ஜ் ஏற்றிய மின்வாயை மின்பகுளியோடு விட்டுவைத்தால் அது தானாகவே மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் 4.3 வோல்ட் என்று எழுதி வைத்திருப்பீர்கள். இந்தூர் போய்ச் சேரும்போது அது அந்த நிலையில் இருக்காது.

காரைக்குடியிலோ சென்னையிலோ செல் செய்து, ரயிலில் மத்தியப் பிரதேசம் வரை கொண்டுபோகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காப்டன் என்ற பிளாஸ்டிக் படலத்தாலான டேப் எக்ஸ்ரேக்குக் கண்ணாடி மாதிரி, சரிதான். ஆனால் ஈரத்தை அது முழுதாகத் தடுக்காது. தொடக்கத்தில் ஒருமுறை நாங்கள் காப்டனில் மட்டும் ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போனோம். பயணம் இரண்டு நாள். புதிய சார்ஜ் மின்வாயின் விளிம்பு, கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே நின்றது. பழையது எது, புதியது எது என்று பெயர்ச்சீட்டு மாறிவிட்டதோ என்று இரவெல்லாம் தேடினோம். மாறவில்லை. காற்றுதான் வேலையைக் காட்டியிருந்தது. அன்றிலிருந்து காப்டனுக்கு மேலே அலுமினியப் பூச்சுள்ள பவுச் உறை, கையுறைப் பெட்டிக்குள்ளேயே வெப்பத்தால் ஒட்டியது, ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியாக. கற்றைக்கு முன்னால் வைக்கும் நேரத்தில்தான் பிரிப்போம். நிக்கல் மிகுந்த பொடி ஈரக்காற்றையும் கரியமில வாயுவையும் இழுத்து, மேற்பரப்பில் லித்தியம் கார்பனேட்டாகப் படிய வைத்துக்கொள்ளும். நம் ஊர் மழைக்காலக் காற்றில் ஒரு மணி நேரம் திறந்து வைத்த பொடியையும், திறக்காத பொடியையும் ஒன்றாக எண்ணவே கூடாது.

படி 4: ஓடும்போதே பார்க்க வேண்டுமா

செல் ஏறி இறங்கும்போதே அளப்பது அழகான சோதனை. ஆனால் எல்லாக் கேள்விக்கும் அது தேவையில்லை. நம் நான்கு மின்வாய்க் கேள்விக்குப் பிரித்து அளப்பதே போதும். இடையில் என்ன நடக்கிறது, எந்த வோல்ட்டேஜில் நிக்கல் நின்றுவிடுகிறது என்று தெரிய வேண்டும்போது மட்டும் இறங்குங்கள்.

இறங்கினால் செல்லில் கதிர் நுழைய ஜன்னல் வேண்டும். காப்டன் ஜன்னல் மலிவு. ஆனால் அது வளைந்து கொடுப்பதால் கதிர் விழும் இடத்தில் அழுத்தம் குறைந்து, அந்த இடம் மட்டும் செல்லின் மற்றப் பகுதியைவிடப் பின்தங்கும். நீங்கள் பார்ப்பது செல்லின் சராசரியாக இருக்காது. பெரிலியம் கெட்டியாக நிற்கும். ஆனால் உயர் வோல்ட்டேஜில் நேர்மின்வாய்ப் பக்கம் அது அரிக்கப்படும், அதன் ஆக்சைடு நச்சு. கண்ணாடிக் கரிம ஜன்னல் நடுவழி. எதிர்மின்வாய்ப் பக்கம் தாமிரத் தாள் போடாமல் லித்தியத்தையே வைத்தால் நல்லது. தாமிரத்தின் விளிம்பு 8979இல் வந்து நிக்கலின் எக்ஸாஃப்ஸ் அலைகளைப் பாதியில் வெட்டிவிடும்.

கற்றையே செல்லைக் கெடுக்கலாம் என்பதை மறக்காதீர்கள். கதிர் படும் இடத்தில் மின்பகுளி சிதைந்து, அந்தப் புள்ளி மட்டும் சார்ஜ் ஏறாமல் நின்றுபோவது பலரும் கண்டது. சோதிப்பது சுலபம்: சுழற்சி முடிந்ததும் செல்லை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தி இன்னொரு நிறமாலை எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. வேறாக இருந்தால், அதுவரை எடுத்ததெல்லாம் கதிரின் கதை. இனி இடையிடையே ஷட்டரை மூடி அளக்க வேண்டும்.

படி 5: கற்றைத்தடத்தில்

உள்ளே போனதும் முதல் வேலை நிக்கல் தகடு. மாதிரி கிடக்கட்டும், தகட்டை அளந்து, அதன் முதல் வளைவு மாறும் புள்ளியை 8333இல் உட்கார வையுங்கள். அப்புறம் அந்தத் தகட்டை எடுத்துவிடாதீர்கள். மாதிரிக்குப் பின்னால், கதிரின் செறிவை அளக்கும் அயனி அறைகளில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிரந்தரமாக இருக்கட்டும். ஒவ்வொரு ஸ்கேனிலும் தகட்டின் விளிம்பும் சேர்ந்தே பதிவாகும். ஏன் இவ்வளவு கறார்? முழுதாக ஏற்றிய மின்வாய்க்கும் இறக்கிய மின்வாய்க்கும் இடையே நிக்கல் விளிம்பு நகர்வது மொத்தமே சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட். பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் அதில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கலாம். இரவு முழுக்க ஓடும்போது வேண்டிய ஆற்றலை மட்டும் பிரித்தெடுக்கும் ஒற்றையலையாக்கியின் படிகம் சூடாகி அரை எலக்ட்ரான் வோல்ட் நழுவினால், தகடு இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

படிகம் மூன்று மடங்கு ஆற்றல் கொண்ட கதிரையும் சேர்த்து அனுப்பும். படிகத்தைச் சற்றே விலக்கி வைத்தோ, எக்ஸ்ரேயைப் பிரதிபலிக்கும் கண்ணாடி கொண்டோ அதைக் குறைக்கச் சொல்லி, கற்றைத்தட விஞ்ஞானியிடம் கேளுங்கள். அவர்களுக்கு அது அன்றாட வேலை.

விளிம்புக்கு முன்னால் 150 எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து தொடங்கி, விளிம்பை ஒட்டி அரை எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவான படிகளில், அதன்பின் அகலமாக என்று ஸ்கேனை அமையுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் குறைந்தது மூன்று ஸ்கேன். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் கூட்டிச் சராசரி எடுக்கலாம். வரிசையாக ஒரே திசையில் நகர்ந்தால் மாதிரி மாறிக்கொண்டிருக்கிறது. ஓடும் செல்லானால் இன்னொரு கணக்கு: பத்து மணி நேரச் சார்ஜில் அரை மணிக்கு ஒரு ஸ்கேன் என்றால் 20 நிறமாலை. ஒவ்வொன்று முடிவதற்குள்ளும் நிக்கலின் சராசரி நிலை 0.05 அளவு நகர்ந்திருக்கும். தொடக்க வோல்ட்டேஜையும் முடிவு வோல்ட்டேஜையும் நோட்டில் கையால் எழுதி வையுங்கள். கணினிக் கோப்புப் பெயரை மட்டும் நம்பாதீர்கள்.

முதல் மாதிரியின் நிறமாலை திரையில் ஒவ்வொரு புள்ளியாக வரும்போது அவசரப்படாமல் உட்கார்ந்து பாருங்கள். தட்டையாக ஓடிக்கொண்டிருந்த கோடு 8330ஐத் தாண்டியதும் ஒரு சின்ன மேடு தட்டும், பிறகு விறுவிறுவென்று ஏறும், உச்சி தொட்டு இறங்கி அலைய ஆரம்பிக்கும். உங்கள் உலையில் வெந்து வந்த பொடியின் நிக்கல் உங்களிடம் பேசுகிற முதல் தருணம் அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

படி 6: ஸேன்ஸைப் படித்தல்

அதீனா இலவச மென்பொருள். பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு லார்ச் இருக்கிறது. வரிசை இதுதான்: தகட்டை வைத்து ஆற்றலைச் சீர் செய்வது, விளிம்புக்கு முந்தைய கோட்டைக் கழிப்பது, பிந்தைய கோட்டால் வகுத்துப் படியின் உயரத்தை 1 ஆக்குவது. எல்லா மாதிரிக்கும் ஒரே எல்லைகளை வையுங்கள். ஒன்றுக்கு 150இலிருந்து, இன்னொன்றுக்கு 100இலிருந்து என்று இழுத்தால், விளிம்பு நகர்ந்தது மாதிரி ஒரு போலித் தோற்றம் வரும்.

விளிம்பின் இடத்தை எப்படிக் குறிப்பது? சரிவு உச்சமாக உள்ள புள்ளியைப் பலர் எடுப்பார்கள். நிக்கலுக்கு அது எனக்குப் பிடிப்பதில்லை. சார்ஜ் ஏறும்போது விளிம்பின் உருவமும் மாறுவதால் அந்தப் புள்ளி திடீரென்று தாவும். உயரம் 0.5ஐத் தொடும் ஆற்றலை எடுங்கள். எதை எடுத்தாலும் எல்லாவற்றுக்கும் அதையே எடுங்கள்.

மாங்கனீசின் விளிம்பில் உருவம் மாறும், இடம் அவ்வளவாக மாறாது. அது நான்கிலேயே நிற்கிறது, அதன் அக்கம்பக்கம்தான் மாறுகிறது. உருவ மாற்றத்தை நகர்வு என்று எழுதிவிட வேண்டாம்.

இப்போது நான்கு மின்வாய்களையும் ஒரே படத்தில் வையுங்கள். கதை இங்கேதான் அவிழும்.

பழையது இறக்கிய நிலையில் புதியதோடு பொருந்துகிறது, ஏற்றிய நிலையில் மட்டும் கீழே நிற்கிறது என்றால், நிக்கலில் ஒரு பகுதி லித்தியத்தை விடவே இல்லை. விரிசலால் மின்தொடர்பு அறுந்த துகள்களாக இருக்கலாம். மாறாக, ஏற்றிய நிலையில் பொருந்தி, இறக்கிய நிலையில் மேலே நிற்கிறதா? திரும்பி வர லித்தியம் இல்லை. எதிரே கிராஃபைட் உள்ள செல்லில் இதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும். லித்தியம் கிராஃபைட்டின் மேல்படலத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். ஏற்றியது கீழே, இறக்கியது மேலே என்று இரண்டு பக்கமும் குறுகியிருந்தால் மின்தடையைச் சந்தேகியுங்கள். முதல் படியில் செய்த மெதுவான சுழற்சியோடு ஒப்பிட்டால் உறுதியாகிவிடும்.

நேரியல் சேர்க்கைப் பொருத்தம் என்று ஒரு கருவி மென்பொருளிலேயே உண்டு. பழைய ஏற்றிய நிறமாலையைப் புதிய ஏற்றியது இத்தனை பங்கு, புதிய இறக்கியது இத்தனை பங்கு என்று பிரித்துக் கொடுக்கும். 80க்கு 20 என்று வரலாம். அங்கேதான் நிதானம் வேண்டும். ஐந்தில் ஒரு துகள் முழுதாகச் செத்திருந்தாலும், எல்லாத் துகளும் ஐந்தில் ஒரு பங்கு சோம்பியிருந்தாலும், ஸேன்ஸ் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் காட்டும். இரண்டையும் பிரிக்க விளிம்பு விளைவு வேண்டும். செத்த துகள்கள் தனியாக இருந்தால் அங்கே முகடு இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒரு முறையை மட்டும் நம்பி எழுதிய முடிவுகள் பல இந்த இடத்தில்தான் வழுக்கியிருக்கின்றன.

படி 7: எக்ஸாஃப்ஸ், தேவைப்பட்டால்

ஃபூரியர் மாற்றத்தில் முதல் முகடு ஆக்சிஜன், இரண்டாவது அடுத்த உலோகங்கள். படத்தில் தெரியும் தூரம் உண்மைத் தூரத்தைவிட அரை ஆங்ஸ்ட்ராம் அளவு குறைவாக இருக்கும். அதை அப்படியே கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். ஆர்ட்டெமிஸ் என்ற மென்பொருளில் ஒரு மாதிரிக் கட்டமைப்பைக் கொடுத்துப் பொருத்திய பிறகு வருவதுதான் தூரம்.

பொருத்துமுன் நிக்கல் தகட்டை முதலில் பொருத்துங்கள். அதில் 12 அண்டை அணுக்கள், 2.49 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில், என்று முன்பே தெரியும். அதிலிருந்து அலைகளின் உயரத்தைச் சீர்செய்யும் வீச்சுக் காரணியை எடுத்து மின்வாய்க்கு அப்படியே பயன்படுத்தலாம். எத்தனை எண்களைத் தளரவிடலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அலை எண் 3 முதல் 12 வரை, தூரம் 1 முதல் 3 ஆங்ஸ்ட்ராம் வரை என்றால் தரவில் உள்ள தகவல் 11 எண்களுக்குத்தான். ஏழெட்டைத் தாண்டாதீர்கள்.

மூன்றாம் நிலை நிக்கலைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் 1.91 அளவிலும் இரண்டு 2.08 அளவிலும் என்று உருவம் இழுபட்டிருக்கும். நான்காம் நிலையில் ஆறும் 1.88 பக்கம் வந்து சேரும். ஆகவே சார்ஜ் ஏற ஏற ஆக்சிஜன் முகடு உயர்ந்து கூர்மையாக வேண்டும். பழைய மின்வாயில் அது மந்தமாக இருந்தால், நிக்கல்கள் எல்லாம் ஒரே நிலைக்கு வரவில்லை என்று பொருள்.

படி 8: மேற்பரப்பைத் தனியாகக் கேளுங்கள்

கடின எக்ஸ்ரே துகளின் உள்வரை சராசரி பார்க்கும். மேற்பரப்பில் சில நானோமீட்டர் கெட்டிருந்தால் அதில் தெரியாது. மென் எக்ஸ்ரேயில் நிக்கலின் எல் விளிம்பையும் (இரண்டாம் கூட்டு எலக்ட்ரான் வெளியேறும் விளிம்பு) ஆக்சிஜனின் கே விளிம்பையும் இரண்டு விதமாக ஒரே நேரத்தில் அளக்கலாம். எலக்ட்ரான்களைப் பிடித்தால் மேலே 5 முதல் 10 நானோமீட்டர். ஒளிர்வைப் பிடித்தால் நூறு நானோமீட்டருக்கும் மேல். எலக்ட்ரானில் நிக்கல் இரண்டாம் நிலையில், ஒளிர்வில் மூன்றாம் நிலையில் என்று வந்தால், அடுக்குக் கட்டமைப்பு மேற்பரப்பில் பாறையுப்பு வடிவமாக மாறிவிட்டது. ஆக்சிஜன் விளிம்பில் 534 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிக் கூர்மையான முகடு எழுந்தால், அது பெரும்பாலும் கார்பனேட். மூன்றாம் படியில் சொன்ன ஈரக்காற்று நினைவுக்கு வரும்.

படி 9: மீண்டும் உலைக்கு

நிறமாலை காட்டியதை உலையிலும் பூச்சு மேசையிலும் மாற்றத் தெரியாவிட்டால் போன நோக்கம் நிறைவேறாது. அதனால் ஒவ்வொரு விடைக்கும் ஒரு செய்கையை முன்பே யோசித்து வைத்திருங்கள்.

சுழற்சியே செய்யாத புதிய பொடியிலேயே நிக்கல் 2.88க்குக் கீழே இருந்தால் குறை தயாரிப்பில்தான். லித்தியம் ஹைட்ராக்சைடோடு 750 டிகிரியை ஒட்டிச் சுடும்போது காற்றுக்குப் பதில் ஆக்சிஜன் ஓட்டத்தைக் கொடுங்கள், ஆவியாகிப் போகும் லித்தியத்துக்கு ஈடாகச் சில விழுக்காடு கூடுதலாகச் சேருங்கள். இரண்டாம் நிலை நிக்கல் லித்தியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வது அப்போது குறையும். மேற்பரப்பு மட்டும் கெட்டிருந்தால் அலுமினாவோ லித்தியம் நயோபேட்டோ மெல்லிய பூச்சாகப் போட்டு, மின்பகுளி நேராகத் தொடாமல் காப்பாற்றலாம். பொடியைச் சேமிக்கும் விதத்தையும் மாற்றுங்கள்.

தொடர்பு அறுந்த துகள்கள்தான் காரணம் என்றால் பூச்சு உதவாது. 4.2 வோல்ட்டை ஒட்டி இந்தப் பொருளின் அடுக்குகள் சட்டென்று சுருங்கும். உருண்டையாகத் திரண்ட துகள் அந்தச் சுருக்கத்தில்தான் பிளக்கிறது. மேல் எல்லையை 4.3இலிருந்து 4.1க்கு இறக்கிப் பாருங்கள். திறன் கொஞ்சம் குறையும், ஆயுள் நீளும். அல்லது ஒற்றைப் படிகத் துகள்களாகத் தயாரியுங்கள். அலுமினியத்தைச் சில விழுக்காடு கலப்பதும் கட்டமைப்பைப் பிடித்து நிறுத்தும். எதைச் செய்தாலும் ஒரு முறைக்கு ஒரு மாற்றம்தான். பூச்சையும் வோல்ட்டேஜையும் சேர்த்து மாற்றிவிட்டு, அடுத்த முறை விளிம்பு நல்ல இடத்தில் நின்றால், எதற்கு நன்றி சொல்வது என்று தெரியாது.

மாற்றிய பொடியில் புதிதாக நான்கு மின்வாய்கள் செய்யும்போது, முதல் சுற்றின் நான்கிலும் ஒரு துண்டு பவுச் உறையில் ஒட்டிக் கையுறைப் பெட்டியிலேயே இருக்கட்டும். அடுத்த கற்றை நேரம் வரும்போது பழைய இறக்கிய மின்வாயை மறுபடி ஒருமுறை அளந்துவிட்டுப் புதியதற்குப் போங்கள். போன தடவை நின்ற இடத்திலேயே அதன் விளிம்பு வந்து நின்றால், இரண்டு பயணங்களின் தரவையும் ஒரே படத்தில் போடலாம்.